பார்வை இழந்த உதவியாளருக்கு எந்த மென்பொருள் வாங்குவது?

கேள்வி: அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். எங்கள் உதவியாளர் ஒருவருக்கு 44 வயது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோயால் பார்வை குறைந்துகொண்டே வந்து, இப்போது தாளில் உள்ளதைப் படிக்க முடியவில்லை. அவரை விசாரணை மேசையில் உட்கார வைத்துவிடலாம் என்கிறார் முதல்வர். கணினியில் பேசும் மென்பொருள் உண்டு என்று கேள்விப்பட்டேன். எதை வாங்குவது? என்ன வேலை கொடுப்பது? எங்கள் ஆய்வக உதவியாளர் ஒருவருக்குக் காது கேட்காது. அவருக்கும் ஏதாவது உண்டா? முதல்வரின் குறிப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பதில்:

ஐயா, வணக்கம். எதை வாங்குவது என்பதற்குப் பதில் ஒரு வரியில் முடிந்துவிடும். ஒன்றும் வாங்க வேண்டாம். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. 2006ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் எழுதத் தொடங்கியது அது. இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. ஜாஸ் என்று இன்னொன்று இருக்கிறது. நல்லதுதான், ஆனால் விலை அதிகம். உங்கள் அலுவலக வேலைக்கு என்விடிஏ தாராளமாகப் போதும். இதற்கு மேல் நான் எழுதப்போவதெல்லாம் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு: உங்கள் அலுவலகக் கோப்புகளை அந்த மென்பொருளால் படிக்க முடியுமா?

எனக்கும் இதே நோய்தான். வங்கியில் எழுத்தராக இருந்தபோது, 38ஆம் வயதில், அச்செழுத்து கைவிட்டுப் போனது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். எல்லோரும் நல்லவர்கள். சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. பத்தரைக்கு ஒரு டீ, மூன்றரைக்கு ஒரு டீ, இடையில் எதற்கு எழுந்தாலும் “நீங்கள் உட்காருங்கள் சார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.” பதினான்கு மாதங்கள் அப்படிப் போயின. வேலை செய்யாமல் சம்பளம் வாங்குவது சுகம் என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். பிறகு திரைவாசிப்பான் கற்றுக்கொண்டு, ஓய்வு பெறும்வரை கடன் பிரிவில் வேலை பார்த்தேன். இப்போது, பணிக்காலத்தில் பார்வை போனவர்களுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறேன். விசாரணை மேசை என்று நீங்கள் எழுதியதைக் கேட்டதும் அந்த டீயின் ருசி நாக்குக்கு வந்துவிட்டது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் கருவியைத் தேர்ந்தெடுப்பது அதைப் பொறுத்தது. இந்த நோயில் முதலில் போவது இருட்டில் தெரியும் பார்வை. அதனால்தான் பலருக்கும் தொடக்கத்தில் மாலைக்கண் என்று சொல்லிக் கேரட்டும் முருங்கைக்கீரையுமாகக் கொடுத்திருப்பார்கள். பிறகு ஓரப்பார்வை சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஆகும். இந்த நிலையில் இருப்பவருக்கு நல்லெண்ணத்தில் எல்லோரும் செய்யும் தவறு, திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பது. குழாயின் வாய் சிறியது. எழுத்து பெரிதானால் ஒரு சொல்கூட முழுதாக அதற்குள் அடங்காது. “ப” மட்டும் தெரியும், அதை ஒட்டி வருவது தெரியாது. அவருக்கு இன்னும் கொஞ்சம் பார்வை மிச்சம் இருந்தால், எழுத்தை மிதமான அளவில் வைத்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றுங்கள். கண்கூச்சம் குறையும். அவருடைய மேசையை ஜன்னலுக்கு எதிரே போடாதீர்கள். ஆனால் இதெல்லாம் இடைக்காலத்துக்குத்தான். கண் கொஞ்சம் தெரியும்போதே காதால் வேலை செய்யப் பழகிவிடுவது நல்லது. முழுதாகப் போன பிறகு தொடங்கினால் மனமும் கூடவே உடைந்திருக்கும்.

அவர் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க மாட்டார் என்பது என் ஊகம். நானும் சொல்லவில்லை. கோப்புகளை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியை வாசிக்கச் சொல்லி, மனப்பாடம் செய்துகொண்டு மறுநாள் வந்து குறிப்பு எழுதியவன் நான். இரண்டு வருடம் யாருக்கும் தெரியாது. வேலை போய்விடும் என்ற பயம்தான் காரணம். ஆகவே மென்பொருளை நிறுவுவதற்கு முன்னால் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 20 உட்பிரிவு 4. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை அரசு நிறுவனம் எதுவும் வேலையை விட்டு நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாது. அவர் வகிக்கும் பணிக்குப் பொருந்தாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அதுவும் இயலாவிட்டால், பொருத்தமான இடம் கிடைக்கும்வரையோ ஓய்வு வயதுவரையோ, அவருக்கென்றே கூடுதல் பணியிடம் உண்டாக்கி வைத்திருக்க வேண்டும். இதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 47ஆம் பிரிவாக இது இருந்தது. காலை இழந்த காவலர் குணால் சிங்கின் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம், மருத்துவக் காரணத்துக்கான ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி நிறுவனம் தப்பிக்க முடியாது என்றது. உங்களுடையது தனியார் நிர்வாகம் நடத்தும் கல்லூரிதானே என்று யாராவது சொன்னால், சட்டத்தில் “அரசு நிறுவனம்” என்பதற்கான வரையறையைக் காட்டுங்கள். அரசின் உதவி பெறும் அமைப்புகளும் அதற்குள் வருகின்றன.

முதல்வரோடு பேசும்போது இதே பிரிவின் 2ஆம் உட்பிரிவு இன்னும் உதவும். ஊழியருக்குத் தேவையான நியாயமான வசதியைச் செய்து தருவது நிறுவனத்தின் கடமை என்கிறது அது. சலுகை என்ற சொல்லே அங்கு இல்லை. 2021இல் விகாஷ் குமார் வழக்கில், இந்த வசதி ஆளுக்கு ஆள் மாறும், அவரவர் தேவையைக் கேட்டறிந்து செய்ய வேண்டியது என்று உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஆகவே பார்வையற்றவர் என்றால் விசாரணை மேசை, டெலிபோன் என்று அச்சில் வார்த்ததுபோல முடிவெடுப்பது சட்டத்தின் போக்குக்கே எதிரானது. ஆனால் சட்டத்தைக் கையில் தடிபோல எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குள் போகாதீர்கள். அவர் பயப்படுவது வேலை தேங்கிவிடும் என்றுதான். வேலை நடக்கிறது என்று காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அலுவலகத்தில் தமிழ்க் கடிதங்களை எந்த எழுத்துருவில் அடிக்கிறீர்கள்? வானவில் அவ்வையார் என்றோ பாமினி என்றோ பதில் வந்தால், திரைவாசிப்பானை எத்தனை கணினியில் போட்டாலும் பயனில்லை. இந்தப் பழைய எழுத்துருக்களில் கணினியைப் பொறுத்தவரை தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும் வரிசையாக வைத்து, அவற்றின் மேல் தமிழ் முகமூடி போட்டிருக்கிறார்கள். பாமினியில் “தமிழ்” என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கண்ணுள்ளவருக்கு முகமூடி தெரியும், படித்துவிடுவார். காதால் படிப்பவருக்கு முகமூடிக்குப் பின்னால் இருப்பது மட்டும்தான் கேட்கும். முழுப் பக்கக் கடிதத்தை இப்படிக் கேட்டால் மென்பொருளுக்குப் பேய் பிடித்ததுபோல இருக்கும். “நம் கணினியில் தமிழ் பேசாது சார்” என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். அது நன்றாகவே பேசும். நாம்தான் அதற்குத் தமிழைக் கொடுக்கவில்லை.

இதற்குத் தீர்வு யூனிகோடு, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினியில் பதியும் முறை. 2010 ஜூன் மாதம், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்திலேயே தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு முறையையும் தர நிர்ணயமாக அறிவித்து ஆணை வெளியிட்டுவிட்டது. இவற்றில் யூனிகோடைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். டேஸ்16, யூனிகோடில் தனிப்பயன்பாட்டுக்கென ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்திருப்பதால் பொதுவான திரைவாசிப்பான்களுக்கு அது புரியாது. ஆணை வந்து இத்தனை வருடமாகியும் பழைய எழுத்துருக்கள் அலுவலகங்களில் உயிரோடு இருப்பதற்குக் காரணம், பழைய மாதிரிக் கடிதங்கள்தான். யாரோ ஒருவர் எப்போதோ அடித்துவைத்த நினைவூட்டுக் கடிதத்தைத் திறந்து, தேதியையும் ந.க. எண்ணையும் மாற்றி அனுப்புவது நம் அலுவலக மரபு. மாதிரி பாமினியில் இருந்தால் அதன் பிள்ளை குட்டிகளும் பாமினியில்தான் இருக்கும்.

ஆகவே உங்கள் பிரிவில் அன்றாடம் புழங்கும் மாதிரிக் கடிதங்களை மட்டும் ஒரு கோப்புறையில் சேர்த்து, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிடுங்கள். முப்பது நாற்பது கடிதம் இருக்கும். அரை நாள் வேலை. மாற்றிய பின் ஒருமுறை கண்ணால் சரிபார்க்க வேண்டும், குறிப்பாகக் கடிதத்தின் நடுவே ஆங்கிலச் சொற்கள் வரும் இடங்களை. அந்த மென்பொருள் அவற்றையும் தமிழ் என்று நினைத்துக் குழப்பிவிடும். பழைய கோப்புகள் முழுவதையும் மாற்ற முயல வேண்டாம். ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆர்வம் தீர்ந்துபோய்ப் பாதியில் நின்றுவிடும்.

தட்டச்சைப் பற்றி ஒரு நல்ல செய்தி. உங்கள் உதவியாளர் பணியில் சேரும்போது தமிழ்த் தட்டச்சுத் தேர்வு எழுதித் தேறியிருந்தால், அவர் விரல்களுக்கு ஏற்கெனவே கண் இருக்கிறது. பார்க்காமல் அடிப்பதைத்தானே அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். யூனிகோடு என்றால் தமிழ்99 விசைப்பலகை கற்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்துவார்கள். தமிழ்99 அருமையான அமைப்பு, புதிதாகத் தொடங்குபவருக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் இருபது வருடம் தட்டச்சு முறையில் பழகியவரிடம், பார்வையும் போன நேரத்தில், விரல் பழக்கத்தையும் பிடுங்காதீர்கள். பழைய தட்டச்சு அமைப்பிலேயே அடித்து யூனிகோடாகப் பெறும் வசதி என்எச்எம் ரைட்டர் போன்றவற்றில் உண்டு. அடிக்கும்போது என்விடிஏ ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே வந்தால் கொம்பும் காலும் தனித்தனியாகக் கேட்டுக் குழப்பும். இன்சர்ட் விசையுடன் 2ஐ அழுத்தி அதை நிறுத்திவிட்டு, இன்சர்ட்டுடன் 3ஐ அழுத்தி முழுச் சொல்லாகச் சொல்ல வைக்கலாம்.

குரலைப் பொறுத்தவரை, என்விடிஏவோடு கூடவே வரும் ஈஸ்பீக் என்ற குரல் தமிழ் பேசும். தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். விண்டோஸ் அமைப்புகளில் தமிழ்ப் பேச்சை இறக்கினால் வள்ளுவர் என்ற பெயரில் மனிதக் குரலுக்குக் கொஞ்சம் நெருக்கமான ஒன்று கிடைக்கும். புதியவர்கள் வள்ளுவரைத்தான் விரும்புவார்கள். ஆறு மாதம் போனால் பலர் தகர டப்பாவுக்கே திரும்பிவிடுவார்கள், ஏனென்றால் வேகத்தைக் கூட்டினாலும் அதன் உச்சரிப்பு சிதைவதில்லை. நான் கேட்கும் வேகத்தில் உங்களுக்குத் தேன்கூட்டைக் கலைத்ததுபோல இருக்கும். எனக்கு அது நிதானமான வாசிப்பு. தமிழுக்கு ஒரு குரல், ஆங்கிலத்துக்கு ஒரு குரல் என்று இரண்டு அமைப்புகளைச் சேமித்து, ஒரே விசையில் மாற்றிக்கொள்ளும்படி வைத்துவிடலாம். நம் கோப்புகள் இரண்டு மொழியிலும் கலந்து வருபவை; இதைச் செய்யாவிட்டால் எரிச்சலிலேயே பாதி நாள் போகும்.

காதால் பிடிக்க முடியாத பிழை ஒன்று உண்டு. ந, ன இரண்டுக்கும் ஒலி ஒன்றே. ர, ற இரண்டையும் கணினிக் குரல் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் சொல்கிறது. ஆகவே “பறவை” என்பது “பரவை” என்று கடிதத்தில் விழுந்தால் அவருக்குத் தெரியாது. இதை வைத்து யாரும் அவரைக் குறைசொல்லக் கூடாது என்பதற்காகத்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். வெளியே போகும் கடிதங்களை ஒருவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டால் போதும். அது எல்லோருடைய வரைவுக்கும் நீங்கள் செய்வதுதானே. பிரெயிலில் இந்த எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனிப் புள்ளிகள் இருக்கின்றன. கணினியோடு இணைத்து விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் பலகை இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஆனால் 44 வயதில் பிரெயில் விரலுக்கு ஏறுவது மெதுவாகத்தான் நடக்கும். அவருக்கு ஆசை இருந்தால் மட்டும் கற்கட்டும்.

எழுத்துருவுக்கு அடுத்த எதிரி, படம். தபாலில் வரும் கடிதம், ஸ்கேன் செய்த சுற்றறிக்கை, வாட்ஸ்அப்பில் சாய்த்துப் பிடித்து எடுத்து அனுப்பிய ஆணை, எல்லாம் படங்கள். திரைவாசிப்பான் படத்தின் முன்னால் வாயடைத்து நிற்கும். கூகுள் டிரைவில் படத்தையோ பிடிஎஃப் கோப்பையோ ஏற்றி, டாக்ஸ் வழியாகத் திறந்தால் தமிழ் எழுத்தை ஓரளவு நன்றாகவே பிரித்தெடுத்துத் தரும். நேராக, வெளிச்சத்தில் எடுத்த அச்செழுத்தாக இருக்க வேண்டும், கையெழுத்துக்கு நம்பாதீர்கள். மாணவர்களின் சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம் போன்றவற்றை இப்படி வெளியே ஏற்றுவது முறையில்லை. அவற்றுக்கு, இணையம் இல்லாமல் உங்கள் கணினிக்குள்ளேயே இயங்கும் டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரி இருக்கிறது. தமிழுக்கும் வேலை செய்யும். நிறுவிக் கொடுக்க உங்கள் கணினித் துறை மாணவர் ஒருவர் போதும்.

ஆனால் பிரித்தெடுப்பதைவிடப் படமே வராமல் பார்த்துக்கொள்வது சுலபம். உங்கள் கல்லூரியிலிருந்து உங்கள் கல்லூரிக்கே போகும் சுற்றறிக்கையை அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து, படமாகக் குழுவில் போடுகிறீர்கள். அடித்த மூலக் கோப்பு உங்கள் கணினியில்தானே இருக்கிறது? அதையும் கூடவே அனுப்பினால் முடிந்தது. தபால் பிரிவில் ஸ்கேன் செய்பவர் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதி, அனுப்பியவர், பொருள் மூன்றையும் பெயரிலேயே போட்டுவிட வேண்டும். ஸ்கேனர் தானாகக் கொடுக்கும் நீளமான எண்ணை அப்படியே விட்டுவிட்டால், எது எது என்று தெரிய ஒவ்வொன்றாகத் திறந்து கேட்க வேண்டும். பெயரைச் சரியாக வைத்த பிறகு தபாலைத் தேடுவது உங்கள் அலுவலகத்தில் எல்லோருக்குமே எளிதாகிவிட்டதைப் பார்ப்பீர்கள்.

எக்செல் அவருக்கு நல்ல நண்பனாகும். அம்புக்குறி விசைகளால் கட்டம் கட்டமாக நகர்ந்தால் கட்டத்தின் முகவரியும் உள்ளே இருப்பதும் கேட்கும். தலைப்பு வரிசையில் நின்று இன்சர்ட், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்திவிட்டால், கீழே எந்தக் கட்டத்துக்குப் போனாலும் “பதிவு எண்”, “கட்டணம்” என்று தலைப்பையும் சேர்த்துச் சொல்லும். இதைக் கெடுப்பது அழகுக்காகச் செய்யும் வேலைகள்: நான்கு கட்டங்களை ஒன்றாக இணைத்துத் தலைப்புப் போடுவது, நடுவில் காலி வரிசை விடுவது, கட்டணம் கட்டாதவருக்குச் சிவப்பு வண்ணம் அடிப்பது. வண்ணம் காதில் விழாது. “பாக்கி” என்று ஒரு பத்தி சேர்த்து ஆம், இல்லை என்று எழுதுங்கள். வடிகட்டிப் பார்க்கவும் வசதி.

என்ன வேலை கொடுப்பது என்ற கேள்விக்கு இப்போது வரலாம். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஒரு வாரம் அவர் இப்போது செய்யும் வேலைகளை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். ஒவ்வொரு வேலையிலும் கண் தேவைப்படும் படி எது என்று மட்டும் பாருங்கள். கல்வி உதவித்தொகைப் பட்டியல் தயாரிப்பதை எடுத்துக்கொண்டால், விண்ணப்பத் தாளைப் படிப்பது ஒன்றுதான் கண்ணுக்கான வேலை. விதிமுறை தெரிந்து தகுதியை முடிவு செய்வது, பட்டியல் போடுவது, விடுபட்ட மாணவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்பது, துறைக்குக் கடிதம் எழுதுவது எதற்கும் கண் வேண்டாம். விண்ணப்பத்தைத் தாளில் வாங்காமல் கூகுள் படிவத்தில் வாங்கினால் அந்த முதல் படியும் போய்விடுகிறது. பணிப்பதிவேட்டில் கையால் பதிவது, பழைய பேரேடுகளைப் புரட்டுவது ஆகியவை எப்படியும் அவருக்கு ஆகாது. அவற்றை இன்னொருவருக்குக் கொடுங்கள். ஆனால் அந்த இன்னொருவரிடமிருந்து சம எடையுள்ள வேலை ஒன்றை, கடித வரைவோ நினைவூட்டுகளோ, இவருக்கு மாற்றுங்கள். இந்த மாற்றலை எழுத்தில் போட்டு இருவரிடமும் கையொப்பம் வாங்குங்கள். வாய்வழியாகச் செய்தால், மூன்றாவது மாதம் “அவர் வேலையையும் நானே சுமக்கிறேன்” என்ற முணுமுணுப்பு கிளம்பும். கையொப்பமிட அவருக்குக் கண் தேவையில்லை. அட்டையில் கையெழுத்து அளவுக்கு ஒரு சன்னல் வெட்டிக் கொடுத்தால் அதற்குள் போட்டுவிடுவார்.

பட்டியல் ஏற்றும் இணையதளங்களில் இரண்டு முட்டுக்கட்டைகள் வரும். கோணலான எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்லும் சரிபார்ப்புப் படம் ஒன்று. ஒலி வடிவம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் மட்டும் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான். இன்னொன்று, பெயரே எழுதாத பொத்தான்கள். திரைவாசிப்பான் “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்று மட்டும் சொல்லும். எத்தனையாவது பொத்தான் எது என்று மனப்பாடம் செய்து வேலை பார்ப்போம். தளத்தைப் புதுப்பித்தால் மறுபடி முதலிலிருந்து. இதைப் பொறுத்துக்கொண்டு போகாதீர்கள். இணையதளங்களும் செயலிகளும் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்க ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. 2023இல் அதை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் விதிகளிலும் சேர்த்துவிட்டார்கள். தளத்தை நடத்தும் துறைக்கு, அந்த எண்ணைக் குறிப்பிட்டு, எந்தப் பக்கத்தில் எந்தப் பொத்தான் என்று கண்காணிப்பாளர் என்ற முறையில் நீங்களே எழுதுங்கள். அலுவலக முத்திரையோடு போகும் கடிதத்துக்குப் பதில் வருகிறது. நாங்கள் தனியாள்களாக எழுதினால் பெரும்பாலும் வருவதில்லை.

இப்போது படத்தைக் காட்டினால் விவரிக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. பீ மை ஐஸ் செயலியில் 2023 முதல் அந்த வசதி இருக்கிறது. சீயிங் ஏஐ, லுக்அவுட் என்றும் உண்டு. மேசையில் இருக்கும் தாள் எந்தக் கடிதம், தலைகீழாக இருக்கிறதா என்று அறிய நான் தினமும் பயன்படுத்துகிறேன். தொகைக்கும் பதிவு எண்ணுக்கும் அதை நம்ப மாட்டேன். எழுத்துணரி தெரியாத இடத்தில் குப்பையைக் கொட்டும், பார்த்தால் தெரிந்துவிடும். இந்தச் செயலிகளோ தெரியாத இடத்திலும் சரளமாக ஒரு எண்ணைச் சொல்லிவிடும். ஒருமுறை என் மின்கட்டண ரசீதில் இல்லாத நிலுவையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

நிறுவும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. பல அலுவலகக் கணினிகளில் புதிய மென்பொருள் போட அனுமதி இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் விலை உயர்ந்த திரைவாசிப்பானை வாங்கி, அனுமதிக் கடிதம் மேலும் கீழும் போய் வரும்வரை, உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தார்கள். என்விடிஏவைப் பென் டிரைவிலிருந்தே இயக்க முடியும். அனுமதி வரும்வரை அப்படி ஓட்டுங்கள். ஹெட்போன் வாங்கும்போது இரண்டு காதையும் அடைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு காது கணினிக்கு, ஒரு காது அலுவலகத்துக்கு.

சக ஊழியர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். திரையை முழுக்கக் கறுப்பாக்கிவிட்டு வேலை செய்யும் வசதி என்விடிஏவில் உண்டு. பின்னால் நிற்பவர் நம் சம்பளப் பட்டியலைப் படிக்காமல் இருக்க நாங்கள் அதைப் போட்டுக்கொள்வோம். அணைந்த கணினியின் முன் உட்கார்ந்து நான் பாட்டுக் கேட்பதாக மேலாளரிடம் புகார் போனது. அவர் வந்து ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். நகைக்கடன் வட்டி விகிதம் ஓடிக்கொண்டிருந்தது.

பயிற்சிக்கு முதல் மூன்று மாதம், தினமும் ஒரு மணி நேரம் அலுவலக நேரத்திலேயே ஒதுக்கிக் கொடுங்கள். “வீட்டில் பழகிக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லாதீர்கள். வீட்டில் அவர் வேறொன்றைப் பழகிக்கொண்டிருப்பார்: படியிறங்குவதையும், கோலூன்றுவதையும், பிள்ளைகளின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்வதையும். சென்னைக்கு அருகில் என்றால் பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. கருவிகளைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள, சென்னை காமராசர் சாலையில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அமைத்துள்ள மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டிஸ் நல்ல இடம். முடிந்தால் முதல்வரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்குள்ள சிற்றுண்டிக் கடையை நடத்துபவர்களும் மாற்றுத்திறனாளிகளே. முதல்வருக்கு நான் எழுதும் நாலு பக்கத்தைவிட அங்கே குடிக்கும் ஒரு காபி அதிகம் சொல்லும்.

காது கேளாத ஆய்வக உதவியாளரைப் பற்றி எனக்கு அனுபவ அறிவு குறைவு, அதனால் சுருக்கமாக. ஆண்ட்ராய்டு போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற செயலி எதிரில் பேசுவதைத் தமிழில் எழுத்தாக்கிக் காட்டும். ஒருவர் ஒருவராகப் பேசினால் நன்றாக வேலை செய்யும். நாலு பேர் சேர்ந்து பேசும் கூட்டத்தில் திணறும். அவர் சிறு வயதிலேயே சைகை மொழியில் வளர்ந்தவர் என்றால் எழுத்துத் தமிழ் அவருக்கு இரண்டாம் மொழி. நீண்ட சுற்றறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டு “படித்துக்கொள்ளுங்கள்” என்பதால் பயனில்லை. சின்னச் சின்ன வாக்கியமாக, செய்ய வேண்டியதை மட்டும் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். ஆய்வகத்தில் கசிவு எச்சரிக்கை, தீ எச்சரிக்கை மணி எல்லாம் ஒலியாக மட்டும் இருந்தால் ஒளிரும் விளக்கும் பொருத்துங்கள். இது உடனே செய்ய வேண்டியது.

முதல்வரின் குறிப்பை இணைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். திறந்தேன். “படம்” என்று மட்டும் சொல்லிவிட்டு என்விடிஏ மௌனமாகிவிட்டது. டிரைவில் ஏற்றிப் பார்த்தேன். கையால் எழுதிய குறிப்பு போலிருக்கிறது, “விசாரணை” என்ற ஒரு சொல்லும் ஒரு தேதியும் மட்டும் தேறின. அதை அடித்து அனுப்பினால் அதற்கும் பதில் எழுதுகிறேன். யூனிகோடில் அடியுங்கள்.